ஜாமீன் பற்றிப் படிக்கப் போகிற மகனுக்கு

சதீஷ், இதை நீ அங்கே போய் இறங்கி, வயிறாரச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு படி. விமானத்தில் படிக்காதே. பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைப்பாரோ என்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நீ குளிர் கோட்டு வாங்கச் சென்னைக்குப் போயிருக்கிறாய். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, உன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் குறுக்குக் கேள்வி கேட்பாய், அது உன் தொழில். நான் அழுதுவிடுவேன். அப்புறம் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகும். ஒரு மாதமாக அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ வெளிநாட்டுக்குப் போவதை நினைத்துப் பயப்படுகிறேன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் தினமும் வந்து தைரியம் சொல்கிறாள். "எங்க வூட்டுக்காரரு துபாய் போயி எத்தினி வருஷமாவுது, நான் இல்ல? ஒரு வருஷம்தானே அக்கா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும்" என்கிறாள். அந்தப் பயமும் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தில் குளிர்காலத்தில் மத்தியானம் மூன்றரை, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். கண் கூசுகிற உப்பள வெயிலில் வளர்ந்த பிள்ளை, அந்த இருட்டில் யாரோடு பேசுவான், என்ன சாப்பிடுவான் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு தாய்க்கு வருகிற சாதாரணப் பயம். நீ போன் செய்து "சாப்ட்டேம்மா" என்று சொன்னால் அது அடங்கிவிடும். நான் சொல்ல வந்த பயம் வேறு. நீ படித்து முடித்துத் திரும்பி வந்து, பரீட்சை எழுதி, நீதிபதியாக அந்த உயரமான நாற்காலியில் உட்காரப் போகிறாயே, அந்த நாளை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன சாயங்காலம் நினைவிருக்கிறதா? நான் அடுப்பில் மீன் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். "ஜட்ஜ் ஆவறதுக்கு இங்கயே பரீட்சை எழுதலாமேடா, அவ்வளோ தூரம் போயி இன்னா படிக்கப் போற?" என்று கேட்டேன். "ஜாமீன் பத்திம்மா. யார வெளிய விடலாம், யார விடக்கூடாதுன்னு எத வெச்சு முடிவு பண்றாங்க, அங்க எப்படி, இங்க எப்படின்னு ஆராய்ச்சி பண்ணப் போறேன். இங்க ஒரு மனுவுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஒதுக்க முடியல" என்றாய். என் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள்ளேயே விழுந்துவிட்டது. ஆவி பட்டுவிட்டது என்று நினைத்து நீ ஓடிவந்து என் கையைத் தண்ணீரில் பிடித்தாய். ஆவி படவில்லை. அந்த வார்த்தை பட்டது. நூறு விஷயம் இருக்கிற சட்டத்தில் நீ போய் அதை எடுத்திருக்கிறாயே என்று இருந்தது. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

உன் அப்பா கோர்ட்டில் அமீனா வேலை பார்த்தார் என்பதும், சம்மன் கொடுக்கப் போன இடத்தில் வேன் மோதி இறந்தார் என்பதும் உனக்குத் தெரியும். அவர் வேலைக்குப் பதிலாக எனக்கு அதே கோர்ட்டில் உதவியாளர் வேலை கிடைத்ததும் தெரியும். நான் பெருக்கித் துடைத்து, கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்ததை நீ பார்த்திருக்கிறாய். ஆனால் நடுவில் சில வருஷம் நான் கோர்ட்டுக் கட்டடத்தில் இல்லை, மாஜிஸ்ட்ரேட் அம்மாவின் குவார்ட்டர்ஸில்தான் இருந்தேன். காலையில் முதல் பஸ் பிடித்து மரக்காணத்திலிருந்து போவேன், சமைத்து வைத்து, அவர்களுடைய கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டு, மத்தியானம் சாப்பாட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். நீ அப்போது ஒன்பதாவதோ பத்தாவதோ. பாட்டி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருப்பாய்.

அந்த அம்மாவின் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம். இப்போது உனக்கு இருக்கிற வயசைவிடச் சின்ன வயசுதான் இருக்கும் அப்போது. கல்யாணம் ஆகவில்லை. நீதிபதி என்றால் ஊரில் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, யாரும் வரக் கூடாது, கல்யாண வீட்டில் ஒரு வாய் சாப்பிடக்கூட யோசிக்க வேண்டும். அதனால் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார்கள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் நண்டு உடைப்பதைப் பார்த்துக்கொண்டு, "எங்க ஊர்ல இதையெல்லாம் கண்டா ஓடுவோம்ங்க்கா" என்று சிரிப்பார்கள். அப்புறம் தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள். நல்ல மனுஷி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனிமேல் நான் சொல்லப்போவது ஒரு கெட்ட நீதிபதியின் கதை இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நீ நல்லவன், உனக்கு அப்படி நடக்காது என்று நிம்மதியாக இருந்திருப்பேன்.

அஞ்சலை என்று ஒரு பெண். உப்பளத்தில் கூலி வேலை. நான் ஏறுகிற பஸ்ஸில்தான் இரண்டு ஸ்டாப் தள்ளி ஏறுவாள், இறங்கும் இடம் வரைக்கும் பேசிக்கொண்டு வருவாள். அவள் புருஷன் குடித்துவிட்டு அடிப்பது பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். கண்டக்டருக்குக்கூடத் தெரியும், அவள் முகம் வீங்கி வருகிற நாளில் உட்காரச் சொல்லி இடம் பிடித்துக் கொடுப்பார். ஒரு நாள் தலையில் அடித்துத் தையல் போடும்படி ஆகி, ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போய், அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அவனுக்கு ஜாமீன் கேட்டு மனு போட்டார்கள். மனு வருகிற நாளன்று அஞ்சலை பஸ்ஸில் ஏறினாள். கூடவே மாமியாரும் கொழுந்தனும் ஏறினார்கள். மாமியார் டிக்கெட் எடுக்கக் கூட்டத்தில் முன்னே போன சமயத்தில் அஞ்சலை என் பக்கம் குனிந்தாள்.

"அவர வுட்டுடச் சொல்லி நானே சொல்லணுமாம்க்கா. இல்லன்னா புள்ளைங்கள எடுத்துனு போயிடுவேன்றாங்க."

"நீ இன்னா சொல்லப் போற?"

"வுடச் சொல்லித்தான் சொல்லப் போறேன். வெளிய வந்தா என்ன இன்னா பண்ணுவாருன்னும் தெரியும். அங்க எத்தினி பேரு நிப்பாங்க, அவங்க முன்னால வேற இன்னா சொல்றது?"

அதற்குள் மாமியார் திரும்பிவிட்டாள். "இன்னாடி அங்க குசுகுசுன்னு?" என்றாள். அஞ்சலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குக் காலை நான் மாஜிஸ்ட்ரேட் அம்மாவுக்கு இட்லி வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். "அம்மா, இன்னிக்கு மரக்காணம் பக்கத்துக் கேஸ் ஒண்ணு வருதுங்க, அந்தப் பொண்ணு பஸ்ல..." என்று ஆரம்பித்தேன். அவர்கள் கையை உயர்த்தினார்கள். கோபமாக இல்லை, பதறிப்போய். "அக்கா, வேண்டாங்க்கா. கேஸ் பத்தி எதுவும் சொல்லாதீங்க. கோர்ட்ல என் முன்னால சொல்றத மட்டும்தான் நான் கேக்கணும். சமையக்கட்டுல கேட்டு முடிவு பண்ணினா நான் ஜட்ஜே இல்ல." அது சரிதான். நீயும் அதைத்தான் சொல்லுவாய். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார் சதீஷ். அந்தப் பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று, முடிவு செய்ய வேண்டிய அந்த ஒரு ஆளுக்கு மட்டும் தெரியக் கூடாது.

மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரோடு நான் போனபோது அந்த மனுதான் நடந்துகொண்டிருந்தது. கதவோரம் நின்று பார்த்தேன். அம்மா அஞ்சலையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "இவர ஜாமீன்ல விட உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?" "இல்லீங்கம்மா." "நீங்களா சொல்றீங்களா, யாராவது சொல்லச் சொன்னாங்களா?" "நானாதாங்க சொல்றேன்." மாமியார் அவளுக்குப் பின்னால் ஒட்டினாற்போல நின்றுகொண்டிருந்தாள். அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அப்புறம் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், மனைவி இருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது என்று நிபந்தனை போட்டு ஜாமீன் கொடுத்தார்கள். வேறு யார் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று பெஞ்ச் கிளார்க் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அவன் ஒழுங்காகப் போய்க் கையெழுத்துப் போட்டான். உப்பு வாருகிற காலம் தொடங்கிய பிறகு ஒரு காலை, அஞ்சலை வேலைக்குப் போகிற வரப்பில் கத்தியோடு காத்திருந்தான். கழுத்துக்கு வந்ததை அவள் கையால் தடுத்தாள். உயிர் பிழைத்தாள். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்கள் ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் உயிரும் போயிருக்கும்.

செய்தி கோர்ட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்று, "அக்கா, நான் போய்ப் பாக்க முடியாது. பாக்கவும் கூடாது. நீங்க உங்க சொந்தத்துல போற மாதிரி போய்ப் பாத்துட்டு வர்றீங்களா?" என்றார்கள். மறுநாள் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அஞ்சலை கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. நான்தான் அழுதேன். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். "அந்தம்மா மேல ஒண்ணும் இல்லக்கா. நான்தானே வுடச் சொன்னேன். அது இன்னா பண்ணும்?" என்றாள்.

இதைச் சொன்னால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, பஸ்ஸில் வரும்போதே வார்த்தை வார்த்தையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சொன்னேன். அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். "அவ பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும். கண்ணுல இருந்துச்சு. ஆனா கண்ணுல இருந்ததை ஆர்டர்ல எப்படி எழுதறது? எழுதறதுக்கு ஒரு காரணம் வேணும்ல?" என்றார்கள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதற்கப்புறம்தான் நான் பார்த்தேன், பயம் ஒரு மனுஷியை என்ன செய்யும் என்று. சாப்பாடு அப்படியே திரும்பி வரும். இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன், பின்னால் வந்து, "அக்கா, வெளிய யாராவது நிக்கறாங்களா?" என்பார்கள். யாரும் இருக்க மாட்டார்கள். கோர்ட்டில் ஜாமீன் கேட்டு யார் வந்தாலும் தள்ளுபடிதான். கோழி திருடினவனுக்கும் இல்லை, குடித்துவிட்டுச் சண்டை போட்டவனுக்கும் இல்லை. வக்கீல்கள் வராந்தாவில் முணுமுணுத்தார்கள். ஊரில் ஒரு சிலர், "கண்டிப்பான அம்மாப்பா" என்று மெச்சிக்கொண்டார்கள். கண்டிப்பு இல்லை என்று வீட்டில் இருந்த எனக்குத் தெரியும். யாரை வெளியே விட்டாலும் அவன் கையில் கத்தி இருப்பது போல அவர்களுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் அகப்பட்டவன்தான் வேலு. பொம்மையார்பாளையம் பங்க்கில் உன் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறானே, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல், அவனேதான். "ஏம்பா, எப்பவும் இப்படியே இருக்கியே, உடம்பு சரியில்லையா" என்று நீ ஒரு தடவை கேட்டு, அவன் பதிலே சொல்லவில்லை என்று என்னிடம் வந்து சொன்னாய். அப்போது நான் பேச்சை மாற்றிவிட்டேன். அந்த வருஷம் உப்பளத்து மோட்டார் கொட்டகையில் செம்புக் கம்பி திருட்டுப் போனது. பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தான் என்று அவனைப் பிடித்துப் போனார்கள். இருபது வயசுகூட ஆகவில்லை. முன்னால் ஒரு கேஸ்கூடக் கிடையாது. ஜாமீன் மனு போட்டார்கள், தள்ளுபடி. மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் தள்ளுபடி. அவனுடைய அம்மா எப்படியோ விசாரித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் கேட்டுக்கே வந்துவிட்டாள். அவளை அனுப்பி வைக்க வேண்டியவள் நான்.

"ஜட்ஜம்மாவ வீட்ல பாக்கக் கூடாதும்மா. வக்கீல்கிட்ட சொல்லு."

"பாக்க வேணாம்மா. பேசவும் வேணாம். அவன் அப்பாருக்கு மூச்சு இழுக்குது, புள்ளய ஒரு தடவ கண்ணால காட்டணும். இங்க இப்பிடி ஓரமா குந்திகினு இருக்கேன். அந்தம்மா வெளிய வர்றப்போ என்னப் பாத்தா போதும்."

கேட்டுக்கு வெளியே வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கார் போனபோது எழுந்து கும்பிட்டாள். அம்மா மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அந்த வாரத்திலேயே அவள் புருஷன் செத்துப்போனான். இரண்டு போலீஸ்காரர்களோடு வேலுவைக் கூட்டி வந்து, கொள்ளி வைக்க விட்டு, அப்படியே திரும்பக் கூட்டிப் போனார்கள். பிறகு வேறு ஊரில் பிடிபட்ட ஒரு கும்பல், மரக்காணத்துக் கம்பியையும் தாங்கள்தான் எடுத்தோம் என்று சொல்லி, விற்ற இடத்தையும் காட்டிவிட்டது. வேலு மேல் ஒன்றும் இல்லை என்று போலீசே எழுதிக் கொடுத்தது.

அவனை விடுவித்த நாளில் நான் கோர்ட்டில் இருந்தேன். உத்தரவைப் படித்து முடித்த பிறகு அம்மா அடுத்த கேஸ் கட்டை எடுக்கவில்லை. "வேலு" என்று கூப்பிட்டார்கள். அவன் கூண்டை விட்டு இறங்கப்போனவன் நின்றான். "உங்க அப்பா விஷயம் எனக்குத் தெரியும். உங்கள முன்னாடியே வெளிய விட்டிருக்கணும். நான் விடல. தப்பு என்னோடது" என்றார்கள். வக்கீல்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நீதிபதி சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. வேலுவுக்கு அது காதில் ஏறியதா என்றே தெரியவில்லை. "நான் போலாங்களா?" என்று கேட்டான். அம்மா தலையசைத்தார்கள். அவன் போனான். சதீஷ், அந்த ஒரு கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மா மறுபடி ஜாமீன் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மனுவையும் அவ்வளவு நேரம் எடுத்துப் படிப்பார்கள், கேட்பார்கள், திரும்பக் கேட்பார்கள். அன்றைக்கு வந்த கேஸெல்லாம் அன்றைக்கு முடியாது. வேலை தேங்குகிறது என்று புகார் போனது. தெற்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்கள். இன்னும் பதவியில் இருக்கிறார்கள் என்று கேள்வி. தூங்குகிறார்களா என்று யாரிடம் கேட்பது?

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் உப்புக் கொட்டகைக்குப் பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட்டில் அம்பயராக நின்று, உன் கூட்டாளிக்கு அவுட் கொடுத்துவிட்டாய். அவன் அழுதுகொண்டு போய்விட்டான். நீ சாப்பிடாமல் படுத்து, விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய், "அது அவுட் இல்லடா, நான் சரியா பாக்கல" என்று சொல்லிவிட்டு வந்தாய். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, இவன் வெளங்குவானா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். வக்கீலான பிறகு, குத்தகை உப்புப் பாத்தி வழக்கில் உன் கட்சிக்காரரான அந்தப் பெரியவர் தோற்றுப்போனாரே, அன்றைக்கு நீ வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே அதன்மேல் உட்கார்ந்திருந்தாய். நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளர் உன் கையில் ஆறிக்கொண்டிருந்தது. "எங்க வுட்டேன்னே தெரியலம்மா" என்றாய். அந்த முகத்தை நான் வேறு ஒரு வீட்டுச் சமையலறை வாசலில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது வழக்கு நடத்தினவனுக்கு வந்த வருத்தம். தீர்ப்புச் சொன்னவனுக்கு எவ்வளவு வரும்?

அதனால் உனக்கு விசா கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் தெரிந்துகொள். விசா வந்ததும் நீ ஸ்வீட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடினாய். நான் பின்கட்டுக்குப் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பிரிகிற வருத்தம் என்று நினைத்து நீ வந்து தோளைத் தொட்டாய். உன் சீனியரிடம்கூடத் தனியாகப் போன் செய்து, "நல்ல பிராக்டீஸ்ங்களே சார், வக்கீலாவே இருக்கச் சொல்லக் கூடாதுங்களா?" என்று கேட்டேன். அவர், "உங்க பையன் மாதிரி ஆளுங்கதாம்மா அங்க போவணும்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போன வாரம் உன் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா, அங்கே போகவில்லை. பஸ் மாறிக் கிளியனூருக்குப் போனேன். அஞ்சலை அங்கேதான் அவள் தாய்வீட்டுப் பக்கம் இருக்கிறாள். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டாள், பையன் லாரியில் போகிறான். புருஷன் தண்டனை முடிந்து வந்து வேறு எங்கோ இருக்கிறானாம், இந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கு முறுக்கும் டீயும் வைத்தாள். மீதி இருக்கிற இரண்டு விரலால் டம்ளரைப் பிடிப்பது அவளுக்குப் பழகிவிட்டது, எனக்குத்தான் பார்க்கப் பழகவில்லை. நான் எதற்குப் போனேன் தெரியுமா? "வேணாம்க்கா, உன் புள்ளைய அந்த வேலைக்கு அனுப்பாத" என்று அவள் வாயால் கேட்டுவிட்டு வந்து, அதை உன்னிடம் சொல்லலாம் என்று போனேன். அவள் சொன்னால் நீ மறுக்க மாட்டாய் என்று நினைத்தேன்.

"என் புள்ள ஜட்ஜ் ஆவப் போறேன்னு வெளிநாட்டுக்குப் படிக்கப் போறான் அஞ்சல. எனக்குப் பயமா இருக்குது" என்றேன்.

அவள் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அப்புறம், "போவட்டும்க்கா" என்றாள். "போயி படிச்சுட்டு வரட்டும். ஆனா ஒண்ணு சொல்லு உன் புள்ளகிட்ட. என்ன மாதிரி ஒருத்தி வந்து நின்னுகினு, வுட்டுடுங்கன்னு சொன்னா, எல்லாரையும் வெளிய போவச் சொல்லிட்டு, தனியா இன்னொரு தடவ கேக்கச் சொல்லு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "தனியா கேட்டிருந்தா நீ நெசத்த சொல்லியிருப்பியா அஞ்சல?"

அவள் தன் கையைப் பார்த்தாள். "தெரியலக்கா" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தனியாகக் கேள், அவர்கள் நிஜத்தைச் சொல்வார்கள், நீ சரியாகத் தீர்ப்புச் சொல்வாய், நன்றாகச் சாப்பிடுவாய் என்று உனக்கு எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் அதைக் கொடுக்கவில்லை. உனக்கும் நான் அதைக் கொடுக்க முடியாது. அங்கே இருக்கிற பெரிய பெரிய புத்தகங்களில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் எனக்குப் போனில் சொல். இல்லை என்றாலும் சொல், இல்லை என்று தெரிந்துகொண்டு உட்காருகிறவன் கொஞ்சம் மெதுவாகப் பேனாவைத் திறப்பான்.

என் பயம் போகவில்லை. போகும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. நீ வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தள்ளி வைக்கிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு நான் இருந்தால் என்னிடம் கேஸ் பற்றி ஒன்றும் சொல்லாதே, நானும் கேட்க மாட்டேன். சும்மா சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார். ஆனால் மறுநாள் யாராவது உன் முன்னால் வந்து நின்றால், அவரை முந்தின நாள் நின்றவராகப் பார்க்காதே. அந்த அம்மா அப்படித்தான் வேலுவைப் பார்த்தார்கள். அஞ்சலை மாதிரி வருகிறவளைத் தனியாகக் கேள். அவளும் தெரியவில்லை என்று சொன்னால், அந்தத் தெரியாததையும் உத்தரவில் எழுத ஒரு வழி இருக்கிறதா என்று இந்த ஒரு வருஷத்தில் தேடிப் பார். இருக்கிற சாமியையெல்லாம் வேண்டி உன்னைத் தடுக்கப் பார்த்தவள்தான் இதையும் கேட்கிறேன்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கிறது, நீதான் போலிருக்கிறது. போய்ப் பார்க்கிறேன், கோட்டு தோளுக்குச் சரியாக இருக்கிறதா என்று.

உன் அம்மா